மேலே போகும் சீட்டு

பிரியாவுக்கும் மாலாவுக்கும்,

நீங்கள் கேட்டது இரண்டு பக்கக் குறிப்பு. நம் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியின் பழைய வழக்கங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அடுத்த பருவம் தொடங்குவதற்குள் நிர்வாகத்தார் முடிவெடுக்கப் போகிறார்கள், வந்தவர் பெயரோடு மாடிக்குப் போகும் துண்டுச் சீட்டைப் பற்றி நான் எழுதித் தந்தால் உதவியாக இருக்கும் என்று மாலா போனில் சொன்னாள். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அது கோப்புக்கு. அதில் இருப்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அதில் நான் இல்லை. இது கோப்புக்கு அல்ல, உங்கள் இருவருக்கும்.

மாலா அன்று கேட்டது நியாயமான கேள்வி. "அக்கா, எல்லார் கையிலயும் போன் இருக்கு. கீழ வந்தவங்க மேல இருக்கிற பொண்ணுக்கு ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது. நாம எதுக்கு ஒரு பேப்பரைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறணும்?"

போன வருடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், "ஆமாம்மா, விட்டுடலாம்" என்று சொல்லியிருப்பேன். இருபத்தாறு வருடம் அந்தப் படிகளில் ஏறி இறங்கிய என் முழங்காலும் அதையே சொல்லியிருக்கும். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை.

முதலில் சீட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாலா தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் வந்து வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அவளுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

இப்போது துணி துவைக்கும் அறையும் பார்வையாளர் அறையும் இருக்கிற புதுக் கட்டடத்தை ஒட்டி நிற்கும் அந்தப் பழைய இரண்டு மாடிக் கட்டடம்தான் தொடக்கத்தில் முழு விடுதியுமாக இருந்தது. பெண்பிள்ளை வீட்டை விட்டு வந்து வளாகத்தில் தங்கிப் படிப்பது அப்போது பல குடும்பங்களுக்குப் புதிது. அனுப்பி வைத்தார்கள். அனுப்பிய மறுநாளிலிருந்து பயந்தார்கள். கவுண்டர் எல்லாம் கிடையாது, ஒரு மேசையும் ஒரு மணியும்தான். யாராவது வந்து நான் இந்தப் பெண்ணின் அண்ணன், நான் சித்தப்பா என்று சொன்னால் மாடிக்குப் போகச் சொல்லிவிடுவார்களாம். குடும்பத்து ஆள்தானே, யார் தடுப்பது?

ஒரு நாள் ஒருவர் மாமா என்று சொல்லிக்கொண்டு வந்து நேராக மாடி ஏறிவிட்டார். அவர் தேடி வந்த பெண் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வேண்டாத ஒரு கல்யாணப் பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்ததாம். மற்றப் பெண்கள் அந்தக் கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டு அவரை இறக்கி அனுப்பினார்கள். அன்று மதியம் சாப்பாட்டு அறையில் யாரும் உட்காரவில்லை. சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், நம் பெண்கள் எல்லோரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சோறு ஆறியது. வந்தவர் பெயரை ஒரு தாளில் எழுதி மேலே அனுப்புங்கள், இறங்கி வருவதா வேண்டாமா என்பதை நாங்கள் எழுதுகிறோம் என்று கேட்டார்கள். அப்போதைய வார்டன் ஒத்துக்கொண்டார். ஆனால் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். தாளை எடுத்துப் போகிறவர் அந்தப் பெண்ணின் முகத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததைக் கீழே காத்திருப்பவரிடம் வந்து சொல்ல வேண்டும்.

இதை எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் சொன்னார். அவருக்கு, அவருக்கும் முன்னால் இருந்தவர் சொன்னாராம். கை மாறி வந்ததில் சோறு கொஞ்சம் கூடுதலாக ஆறியிருக்கலாம். சீட்டுகளை மட்டும் நானே பார்த்திருக்கிறேன். பொருளறையை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறைய, நூலால் கட்டிய கட்டுகளாக இருந்தன. ஒன்றில் மேசைக்காரர் எழுதியது: "மாமா என்று சொல்கிறார்." கீழே பெண்ணின் கையெழுத்து: "எனக்கு மாமா கிடையாது." இன்னொன்றில்: "அப்பா வந்திருக்கிறார்." அதற்குப் பதில்: "ஐந்து நிமிடம். தலை ஈரமாக இருக்கிறது." அந்த இரண்டையும் கண்ணாடி போட்டுப் பார்வையாளர் அறைச் சுவரில் மாட்டினேன். நீங்கள் தினமும் பார்ப்பவைதான்.

பயிற்சியின்போது நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மூன்று வாக்கியங்கள் அங்கிருந்து வந்தவை. சீட்டு மேலே போய்விட்டது. பார்த்தேன், நன்றாக இருக்கிறார். இறங்கி வரவில்லை. இதற்கு மேல் ஒரு சொல் கூடாது, குறையவும் கூடாது. கதவு திறக்கவில்லை என்றாலோ முகம் சரியில்லை என்றாலோ செய்ய வேண்டியது வேறு, அது உங்களுக்குத் தெரியும். வந்தவருக்குச் சொல்லப் பெண் ஏதாவது நினைத்தால் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தருவாள், அது வந்தவரிடம் போகும். எழுதாவிட்டால் ஒன்றுமில்லை.

இதை நான் ஒரு முறை மீறினேன். ஆங்கிலக் குறிப்பில் அது இல்லை.

என் மகள் காவ்யா அப்போது தொடக்கப்பள்ளி முதல் வகுப்பு. காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து காலையிலேயே அழைத்திருந்தார்கள், அவள் அப்பா போய் வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார். நான் வேலையில் இருந்தேனே தவிர மனசு இல்லை. அந்த மதியம் கேலாங்கிலிருந்து ஓர் அம்மா வந்தார். இரண்டாம் ஆண்டு படித்த நளினியின் அம்மா. கையில் டிபன் கேரியர். நான்கு நாளாக மகள் போன் எடுக்கவில்லை என்றார். என்னோடு வேலையில் இருந்தவர் சீட்டை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், வரவில்லை என்று பதில் வந்தது. மூன்று வாக்கியங்களையும் சொன்னேன்.

"தங்கச்சி, நீயும் புள்ள பெத்தவதானே?" என்றார் அவர். "ஒரே ஒரு தடவ. வாசல்ல நின்னு மூஞ்சிய மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருப்பேன். கேரியரின் பிடியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு என் பிள்ளையின் நெற்றிச் சூடு உள்ளங்கையில் தெரிந்தது. துப்புரவு வேலைக்காகப் பின்படிக்கட்டுக் கதவை மதியத்தில் ஒரு வாளியை வைத்துத் திறந்து போட்டிருப்பார்கள், இன்றும் அப்படித்தான். அந்த வழியாக நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நளினி கதவைத் திறந்ததும் அவள் அம்மா மகளைப் பார்த்தார். அடுத்து மேசையைப் பார்த்தார். மேசைமேல் துறையிலிருந்து வந்த கடிதம் விரித்தபடி கிடந்தது. அந்த ஆண்டை மறுபடி படிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வாசலில் நின்று முகத்தை மட்டும் பார்ப்பதாகச் சொன்னவர் உள்ளே போனார். "உங்கப்பா பகல் முழுக்க டாக்ஸியில உக்காந்து முதுகு ஒடியிறது இதுக்கா?" என்று அவர் கேட்டது அந்த மாடியின் கடைசி அறை வரைக்கும் கேட்டது. கதவுகள் திறந்தன. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நளினி என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "அக்கா, நான் வரலைன்னு எழுதியிருந்தேனே. ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்குப் போய்ச் சொல்றதா இருந்தேன்."

அந்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் படிப்பை முடித்தாளா என்று எனக்குத் தெரியாது. என் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. காலியான அறையின் கதவிலிருந்து பெயரட்டையைக் கழற்றுவது துப்புரவு ஆட்களின் வேலை. அன்று என்னைப் போய்க் கழற்றி வரச் சொன்னார். நளினி அதில் தன் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூனை வரைந்திருந்தாள். அதற்குப் பிறகு என் ஷிப்டில் வந்த சீட்டுகளையெல்லாம் நானேதான் எடுத்துப் போனேன்.

இனிச் சொல்லப் போவதில் ஒரு பகுதி பிரியாவுக்குத் தெரியும்.

என் கணவர் இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனார். மதியம் போன் செய்தேன், எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பார் என்று நினைத்தேன். இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை வேறு யாரோ எடுத்தார்கள், ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து, எடுக்காத போன் எனக்கு எடுக்காத போனாக மட்டும் இருப்பதில்லை.

இந்த வருட நடுவில் நான் ஓய்வு பெற்றேன். நான் வேலையில் இருந்த வரை, அதே வளாகத்தில் படிக்கும் காவ்யாவால் நம் விடுதிக்கு விண்ணப்பிக்க முடியாது, ஊழியரின் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பது விதி. நான் வெளியே வந்ததும் விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. எங்கள் வீடு இருக்கும் பாசிர் ரிஸிலிருந்து வளாகத்துக்குத் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டும், பயணத்திலேயே பாதி நாள் போகிறது என்பது அவள் சொன்ன காரணம். நானும் சம்மதித்தேன். சம்மதித்துவிட்டு ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போன் செய்தேன். எழுந்துட்டியா, சாப்டியா, ரூமுக்கு வந்துட்டியா, மழை பெய்யுதே. அவள் இருக்குமிடம் என் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி வைத்திருந்தோம். ஒருநாள் அந்தப் புள்ளி மறைந்தது. கேட்டேன். "அம்மா, ப்ளீஸ் லா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், அதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலி சம்பாலை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ரயிலில் இருக்கை காலியாக இருந்தும் உட்காரவில்லை. மனசுக்குள் அந்த மூன்றாவது அழைப்பை எடுத்த ஆளின் குரல்.

கவுண்டரில் பிரியா இருந்தாள். "அக்கா! என்ன திடீர்னு? ரிட்டயர் ஆனவங்க வீட்டுல படுத்துத் தூங்க மாட்டீங்களா?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"காவ்யா ரூம்லதான் இருக்காளா?"

பிரியா சீட்டுக் கட்டை என் பக்கம் தள்ளினாள். பேனாவையும் மூடியைத் திறந்து வைத்தாள்.

"எனக்குமா?"

"உட்காருங்க லா அக்கா. நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே."

எழுதினேன். வந்தவர் என்ற இடத்தில் என் பெயர். உறவு என்ற இடத்தில் அம்மா. எத்தனை ஆயிரம் முறை மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்திருப்பேன். அந்தக் கட்டம் அவ்வளவு சிறியது என்று அன்றுதான் தெரிந்தது.

பிரியா மாடி ஏறிப் போனாள். நான் பார்வையாளர் அறையில் உட்கார்ந்தேன். எதிரே நான் மாட்டிய இரண்டு சீட்டுகள். கடிகாரத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை, பன்னிரண்டு மணி. பின்படிக்கட்டுக் கதவில் இப்போது வாளி இருக்கும்.

எழுந்து போனேன். வாளி இருந்தது. உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை, ஒரு காலைத் தூக்கி முதல் படியில் வைத்தும்விட்டேன். மூன்றாம் மாடி, இடதுபக்கம், நான்காவது கதவு. எத்தனை படிகள் என்றுகூட எனக்குத் தெரியும். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஒரு சீட்டுக்காக நான் கீழே உட்கார்ந்திருப்பதா? பெற்றவளுக்குமா இந்தக் காகிதம்? நளினியின் அம்மாவுக்கும் அன்று இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. அவருக்காவது வழி தெரியாது. எனக்கு வழியும் தெரியும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும். கதவிலிருந்து கழற்றிய அட்டையில் இருந்த பூனை நினைவுக்கு வந்தது. காலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். கை நடுங்கியதில் டப்பாவின் மூடி கடகடவென்று அடித்தது.

பிரியா தனியாக இறங்கி வந்தாள். என் முன்னால் நேராக நின்றாள்.

"அக்கா, சீட்டு மேல போயிடுச்சு. பார்த்தேன், நல்லா இருக்காங்க. இறங்கி வரலை."

தினமும் பேர் சொல்லிக் கூப்பிடும் என் மகளை அவள் 'இருக்காங்க' என்றாள்.

"நல்லா இருக்கான்னா எப்படி? சாப்பிட்டாளா? அழுதிருந்தாளா? மெலிஞ்சு போயிருக்காளா?"

"அக்கா…"

"பின்பக்கம் ஏதாவது எழுதினாளா?"

"இல்லக்கா."

"ஒரு வார்த்த சொல்லேன் பிரியா. நான் வெளியாளா?"

"நான் பார்த்தேன்க்கா. முகத்த நேராப் பார்த்தேன். நல்லா இருக்காங்க."

அப்போது நான் சொன்னதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் நாளைக்கு வேறு யாராவது உங்களிடம் இதைச் சொல்வார்கள். "உனக்குப் பிள்ளை இருந்தா இப்படி நின்னு பேச மாட்ட" என்றேன்.

பிரியாவின் முகம் மாறியது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சம்பால் டப்பாவை வாங்கி, அதன்மேல் அறை எண்ணை எழுதி ஒட்டினாள். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண், தனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவளை எதிரே வைத்துக்கொண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. என்னால் அன்று செய்ய முடியாததை அவள் செய்துகொண்டிருந்தாள். அதைப் புரிந்துகொள்ளும் நிலையில் நான் இல்லை.

நேராக வீட்டுக்குப் போக மனமில்லாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். தேக்கா சந்தையில் ஒரு கடையில் டீ வாங்கினேன். சுற்றிலும் சனிக்கிழமைச் சத்தம். மீன் வெட்டுகிற ஒலி, யாரோ யாரையோ கூப்பிடுகிற குரல். டீ பாதி ஆகும்போது ஒன்றைக் கவனித்தேன், கை நடுங்கவில்லை. பிரியா சொன்ன நடு வாக்கியம் உள்ளே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன், நல்லா இருக்காங்க. என் மகள் அன்று மதியம் பன்னிரண்டே கால் மணிக்குத் தன் கதவைத் திறந்து நின்றாள். ஒரு மனுஷி தன் கண்ணால் அதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பேசும் குரலுக்கு அதில் இடமே இல்லை.

இருபத்தாறு வருடம் அந்த வாக்கியத்தை நான் வந்தவரைத் திருப்பி அனுப்பும் மரியாதையான வழி என்றுதான் நினைத்துச் சொல்லி வந்தேன். அதைக் கேட்கும் இடத்தில் நின்ற பிறகுதான், பழைய வார்டன் அதை ஏன் சேர்த்தார் என்று தெரிந்தது. சீட்டில் ஒரு பாதி மேலே இருக்கும் பெண்ணுக்கு, அவள் வரவில்லை என்று சொல்லலாம். மறு பாதி கீழே இருப்பவருக்கு, அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

அன்று மாலையிலிருந்து போன் செய்வதை நிறுத்தினேன். எளிதாக இல்லை. கைபேசியைச் சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை போனேன், சீட்டு எழுதினேன். அன்று கவுண்டரில் மாலா. அவளும் அதே மூன்று வாக்கியங்களைச் சொன்னாள். காலி டப்பாவைக் கழுவிக் காவ்யா மேலிருந்து கொடுத்தனுப்பியிருந்தாள். அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை மறுபடி பிரியா. எழுதிக் கொடுத்தேன். எடுத்துப் போனாள். திரும்பி வந்து என் முன்னால் நின்று, "அக்கா, சீட்டு மேல போயிடுச்சு. பார்த்தேன், நல்லா இருக்காங்க" என்றாள். மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லவில்லை. சீட்டைத் திருப்பி என்னிடம் கொடுத்தாள்.

பின்பக்கத்தில் காவ்யாவின் கையெழுத்து. "ஐந்து நிமிடம். தலை ஈரமாக இருக்கிறது."

நான் சுவரைப் பார்த்தேன். பிரியா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். இரண்டு நிமிடத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. காவ்யாவின் தலை காய்ந்திருந்தது.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சம்பாலில் உப்பு கூடிவிட்டது என்றாள்.

"நீ போன் பண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துடுதும்மா" என்றாள். "க்ளாஸ்ல உக்காந்திருப்பேன், போன் ஆடும், எழுந்து வெளிய ஓடுவேன். எடுத்தா நீ சாப்டியான்னு கேப்ப. ஒரு நாளைக்கு ஆறு தடவ. என்னால முடியல."

எனக்கு மட்டும்தான் அந்த மூன்றாவது அழைப்பு கேட்கிறது என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

"சனிக்கிழமை வா" என்றாள் அவள். "சீட்டு எழுதிக் குடு. அது பயமா இல்ல. யாரோ வந்து கதவத் தட்டி, உங்கம்மா கீழ இருக்காங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க."

பிரியா, அன்று நான் சொன்ன வார்த்தைக்கு உன்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். நீ "விடுங்கக்கா, பசியில பேசினீங்க" என்று சொல்லிவிட்டாய். இங்கே எழுத்திலும் கேட்டுக்கொள்கிறேன். நான் என் வேலைக்காலத்தில் செய்த ஒரே பெரிய தவறை, நீ என் எதிரிலேயே செய்யாமல் நின்றாய்.

மாலா, உன் கேள்விக்கு வருகிறேன். மெசேஜை விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி வருகிறேன், வரவில்லை என்பதை அது சொல்லிவிடும். பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் மாடி ஏறித்தான் ஆக வேண்டும். அதற்குச் சீட்டு இல்லாவிட்டால் நாளடைவில் யாரும் ஏற மாட்டார்கள். எனவே என் பதில், வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைகளில் நான் வருவேன். என்னையும் எழுதச் சொல்லுங்கள். எல்லா வாரமும் அவள் இறங்கி வர மாட்டாள், பரீட்சை இருக்கும், தோழிகள் இருப்பார்கள், சும்மா வர மனமில்லாமலும் இருக்கும். அப்போதும் ஏறிப் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். எனக்கு அது போதும்.